கீழே பந்தி நடக்கிறது

ஆவுடையப்பன் அண்ணாச்சி செருப்பை ஏன் பின்பக்கப் படிக்கட்டில் கழற்றிப் போட்டார் என்பதுதான் உலகம்மாளுக்குப் பிடிபடவில்லை. ஊரே முன்வாசலில் போட்டிருக்கிறது. இந்தக் கல்யாண மண்டபத்தில் கல்யாணம் என்றாலும் காதுகுத்து என்றாலும், இன்றைக்கு மாதிரி அரசாங்கம் கூட்டுகிற கருத்துக்கேட்புக் கூட்டம் என்றாலும், செருப்பு முன்வாசல் வேப்பமரத்தடியில்தான் குவிந்து கிடக்கும். இவர் மட்டும் பின்படி வழியாக மாடிக்கு ஏறி வந்து, மேல்படியில் ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு, கடைசி வரிசையில் ஓர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பின்படி எங்கே போகும்? கீழே சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும். வேறு எங்கும் போகாது. அப்படியானால் அண்ணாச்சி சாப்பாட்டுக்கூடத்துக்குள் நுழைந்துதான் மேலே வந்திருக்கிறார். அங்கே யாரைப் பார்த்தார், என்ன பேசினார், ஒரு வாய் காபியாவது உள்ளே போனதா? உலகம்மாள் முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிப் பார்த்தாள். அவர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு அப்படி என்ன வேர்வை. தப்புச் செய்கிறவனுக்குத்தான் காற்றடிக்கிற இடத்தில் வேர்க்கும் என்று அவள் முடிவு கட்டிவிட்டு, முடிவு கட்டிய பிறகு மறுபடியும் செருப்புக்கே வந்தாள்.

மேடையில் அதிகாரி வாசித்துக்கொண்டிருந்தார். பழைய சினிமாக் கொட்டகை இருந்த இடமும் அதை ஒட்டிய சந்தைத் திடலும் சேர்ந்த நிலப்பரப்பில் அமையவிருக்கும் நவீன வணிக வளாகம், அதன் பல்லடுக்கு வாகன நிறுத்தம், அதற்கான அணுகுசாலை. அணுகுசாலை என்று அவர் வாயில் வரும்போதெல்லாம் உலகம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த அழகான பெயருக்குச் சொந்தத் தமிழில் பேட்டைத் தெரு என்று அர்த்தம். பேட்டைத் தெரு என்றால் அவளுடைய மாவு மில், மில்லுக்குப் பின்னால் அவள் குடியிருக்கிற வீடு, புருஷன் சுடலைமுத்து கிடந்து செத்த கட்டில், மிளகாய் அரைத்து அரைத்துச் சிவந்துபோன சுவர். மில் போனால் என்ன செய்வாள்? மகள் வீட்டுக்குப் போகலாம். போய் மருமகன் டிவி பார்க்கிற அறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, அவர் எப்போது டிவியை அணைப்பார் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். அதனால்தான் இன்றைக்கு மில்லைப் பூட்டிவிட்டு, வாசலில் மேஜை போட்டிருந்த பையனிடம், கூட்டத்தில் பேசப்போகிறவர்கள் பட்டியலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். தெருவே கொடுத்திருக்கிறது. கூப்பிடும்போது எழுந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை. அதற்குத்தானே வளாகம் கட்டப்போகிற கம்பெனிக்காரன் கீழே இலை போட்டிருக்கிறான். வடை வேகிற வாசம் படி ஏறி வந்து வரிசை வரிசையாக விசாரித்துக்கொண்டு போனது. பிள்ளையார் கோயில் முன்னால் எல்லாரும் கூடிப் பேசியபோது, ஒருத்தரும் அங்கே கை நனைக்கக் கூடாது என்று சொன்னதே இந்த ஆவுடையப்பன் அண்ணாச்சிதான். பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் சொல்லாமல் சாப்பிடுவோமா, பகையாளி வீட்டில் தண்ணி குடிப்போமா, இதுவும் அப்படித்தான், தின்னுட்டோம்னா நம்ம வாயை நாமளே அடைச்ச மாதிரி என்று அவர் சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல பேச்சு. ரொம்ப நல்ல பேச்சு. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவரை அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவளுக்கு இந்தப் புத்தி சும்மா வரவில்லை. பைபாஸ் ரோடு வந்த வருஷம் புருஷனோடு கூடப்பிறந்த ஐயம்பெருமாள், அவளுக்குக் கொழுந்தன், யாரிடமும் சொல்லாமல் பொதுவில் இருந்த வயலை எழுதிக் கொடுத்துவிட்டு, எழுதிக் கொடுத்த அன்றைக்கே மத்தியானம் அவள் வீட்டில் வந்து உட்கார்ந்து விரால்மீன் குழம்பு சாப்பிட்டான். மைனி, உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது என்றான். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். அவளும் போட்டாள். மீன் தலையைத் தேடி எடுத்து வைத்தாள். அவன் கண்ணில் ஏதாவது தெரிந்ததா? தெரியவில்லை. முகத்தில்? ஒன்றும் இல்லை. அதுதான் இத்தனை வருஷமாக அவளை அறுக்கிறது. வயல் போனதைக்கூட ஆற்றிக்கொண்டாள், தன் கண் முன்னால் உட்கார்ந்து தின்றவன் முகத்தில் தனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டதே என்பதை ஆற்றிக்கொள்ள முடியவில்லை. விஷயம் தெரிந்த பிறகு அந்த மத்தியானத்தை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள், எந்த இடத்தில் கண்டுபிடித்திருக்கலாம் என்று. அவன் கை கழுவும்போது வழக்கத்தைவிட நேரம் எடுத்தானோ. செருப்பை எங்கே விட்டான்? அது ஞாபகம் இல்லை. அன்றைக்குச் செருப்பைப் பார்க்கத் தோன்றவில்லை. சுடலைமுத்து அதற்குப் பிறகு தம்பி பெயரையே சொல்லாமல் செத்துப்போனார். அவள் அன்றிலிருந்து எல்லார் செருப்பையும் பார்க்கிறாள்.

பக்கத்தில் வடிவு கொட்டாவி விட்டாள். வடிவு எதிர்வீட்டுக்காரி, பூக்கட்டி விற்கிறவள், உலகம்மாளை யக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். அதற்காக அவளை நம்பிவிட முடியுமா. காலையில் கிளம்பும்போது வடிவு தலையில் பூ வைத்திருந்தாள். பூ விற்கிறவள் வைக்காமல் இருப்பாளா என்று கேட்கலாம். கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது, சண்டைக்குப் போகிற இடத்துக்கு யாராவது பூ வைத்துக்கொண்டு போவார்களா. அப்புறம் அந்தக் கொட்டாவி, பசிக் கொட்டாவி. காலையில் சாப்பிட்டுவிட்டு வா என்று அத்தனை தடவை சொல்லியும் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்றால் வயிற்றைக் காலியாக வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். முன்வரிசைப் பெண்கள் ஒருத்தர் காதில் ஒருத்தர் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். எதற்குச் சிரிப்பு? உலகம்மாள் தன் பேச்சை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். ஐயா வணக்கம், நான் பேட்டைத் தெருவுல மாவு மில்லு வச்சிருக்கேன். எனக்கு இது வேண்டாம். எனக்கு என்று சொல்வதா எங்களுக்கு என்று சொல்வதா? எங்களுக்கு என்றால் இவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசி நேரத்தில் இவர்கள் கையை விரித்துவிட்டால் எங்களுக்கு என்று சொன்ன வாயை எங்கே கொண்டு வைத்துக்கொள்வது. எனக்கு என்றே சொல்லுவோம். அதுவும் சரியாக வரவில்லை, ஒற்றை ஆளாக நிற்கிற மாதிரி இருந்தது. அதிகாரி மைக்கில் இருமினார். கம்பெனிக்காரன் ஒருத்தன், நல்ல வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வரிசைக்கு வரிசை குனிந்து கும்பிட்டுக்கொண்டே வந்து, “அம்மா, வாசிக்கிறது இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். நீங்க கீழ போய்ச் சாப்பிட்டுட்டு வந்துருங்க. உங்க பேர் வரும்போது நானே கூப்பிடுறேன்” என்றான். யாரும் அசையவில்லை. அவன் முகத்தில் கோபமே வராததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. யாரோ ஒருத்தர் எழுந்துவிடுவார்கள் என்று தெரிந்தவன்தான் இவ்வளவு பொறுமையாக இருப்பான்.

அப்போதுதான் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பினாள். அண்ணாச்சி எழுந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அந்தப் பையை இவ்வளவு நேரமும் அவள் பார்க்கவில்லையே, எப்படிப் பார்க்காமல் விட்டாள், நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தாரா. அவர் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை போதும். செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரில் கையை ஊன்றி, படியில் ஒவ்வொரு காலாக இறங்கினார், தலை மறைந்தது. உலகம்மாள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அதில் பாதி பயம், பாதி சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். இந்தத் தடவை பிடித்துவிட்டோம், இந்தத் தடவை நம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்கிற சந்தோஷம். மில் போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றி, தோன்றியதை உடனே அடக்கினாள். போய்ப் பார்க்க வேண்டும். பையில் என்ன கொண்டுபோகிறார்? கம்பெனிக்காரனிடம் கொடுக்கவா, அவனிடம் வாங்கிக்கொள்ளவா? இங்கேயே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தால் ஐயம்பெருமாள் கதைதான். நாளைக்கு ஊரெல்லாம் சொல்லும், உனக்குத் தெரியாமலா இருந்தது மில்லுக்காரி என்று. அதிகாரி இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார், கழிவுநீர் வரைக்கும் வந்திருக்கிறார், அதற்குப் பிறகு பசுமைப் பரப்பு இருக்கிறது. ஒரு நிமிஷம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். வடிவிடம் சொல்லிவிட்டுப் போவதா? சொன்னால் அவள் அண்ணாச்சிக்குச் சமிக்ஞை கொடுத்துவிட்டால்? ஒன்றும் சொல்லாமல் எழுந்தாள். சேலைக் கொசுவத்தை ஒரு உதறு உதறினாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து பின்படிக்குப் போகும்போது முதுகில் எல்லார் கண்ணும் படுவது தெரிந்தது. பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

சாப்பாட்டுக்கூடத்தில் வாழை இலைகள் நீளத்துக்கு விரிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் உப்பும் ஊறுகாயும் இனிப்பும் வைத்தாகிவிட்டது. பரிமாறுகிறவர்கள் வாளியும் கரண்டியுமாகச் சுவரோரம் நின்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார்கள். ஒரு இலை முன்னாலும் ஆள் இல்லை. அண்ணாச்சியைக் காணோம். அவள் தூண் தூணாகப் பார்த்துக்கொண்டே கடைசிவரை போனாள். கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், எச்சில் இலைக் கூடைகளை அடுக்கி வைத்திருந்த மூலையில், கவிழ்த்துப் போட்ட வாளி மேல் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குச்சட்டி. தயிர்ச்சோறு. ஓரத்தில் ஒரு மாவடு. மஞ்சள் பை முழங்காலில் மடித்துக் கிடந்தது. அவளைப் பார்த்ததும் வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கினார்.

“என்ன உலகம்மா?”

அவள் தூக்குச்சட்டியையே பார்த்தாள். அவரே பேசினார், கூச்சத்தோடு. “சுகர் இருக்குல்லா. நேரத்துக்கு ரெண்டு வாய் போடலன்னா தலையச் சுத்திக்கிட்டு வந்துரும். வேர்த்துக் கொட்ட ஆரம்பிச்சிட்டு. மேல வச்சுத் தின்னா கம்பெனிச் சோத்தத்தான் திங்கான்னு நாலு பேரு நெனப்பாவ. அதான் வீட்டுலருந்து கொண்டாந்து இங்கன ஒதுங்குனேன். முன்படி நமக்கு ஏற முடியல, மூட்டு மடங்க மாட்டேங்கு. இந்தப் படிதான் தாழ்வா கெடக்கு.” பிறகு, “நீ எதுக்கு வந்த?” என்றார்.

“தண்ணி குடிக்கலாம்னு” என்றாள். சொல்லும்போதே, இங்கே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொன்னவரிடமே சொல்கிறோம் என்று உறைத்தது. அவர் கையைச் சட்டியிலேயே வைத்துக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகப் பழக்கமானது, இதுவரை அவள்தான் எல்லாரையும் அப்படிப் பார்த்திருக்கிறாள், அவளை யாரும் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் கூசியது. இல்லை அண்ணாச்சி என்று ஆரம்பிக்கப் போனாள். அதற்குள் படியில் வளையல் சத்தம் கேட்டது. ஒரு வளையல் இல்லை, பல வளையல். சேலைகள் உரசுகிற சத்தம், யாரோ சின்னதாகச் சிரிக்கிற சத்தம், மெதுவாப் போங்கட்டி என்கிற குரல். வடிவு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் முன்வரிசைப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் பேட்டைத் தெரு முழுக்க. கல்யாண வீட்டில் வருகிற மாதிரியேதான் வந்தார்கள், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, இலைகளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. பரிமாறுகிறவர்கள் சுவரைவிட்டு நகர்ந்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன.

“ஏளா, எங்க வாரிய?” உலகம்மாள் ஓடினாள். “எந்திரிங்க, எந்திரிங்க எல்லாரும். மேல போங்க.”

வடிவு உட்கார்ந்தாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க வந்தியல்லா யக்கா. நீங்க எந்திச்ச பொறவுதான் நாங்க எந்திச்சோம். அண்ணாச்சி போனாவ, பொறவு நீங்களும் போனிய. சரி, பேச்சுவார்த்தை முடிஞ்சிட்டு போலருக்கு, இனி சாப்புட்டா தப்பில்லன்னு சொல்லிக்கிட்டோம். எந்தக் கல்யாணத்துல நீங்க எந்திக்காம பொம்பளைய பந்திக்கு எந்திச்சிருக்கோம்?”

“நான் திங்க வரல.”

“பின்ன எதுக்கு வந்திய?”

அத்தனை முகமும் திரும்பின. அண்ணாச்சியும் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு எழுந்து நின்றார். ஒரு பொய் சொன்னால் போதும், ஆனால் எந்தப் பொய்? தண்ணீர் என்றால் அதுவும் கை நனைத்த கணக்கு. இவரைக் கூப்பிட வந்தேன் என்றால், எதற்கு என்று அவரே கேட்பார். உண்மையைச் சொன்னால் இவர்கள் எழுந்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் முகத்தில் இனி எப்படி முழிப்பது, இதே தெருவில், இதே மில்லில், அவர் வீட்டு மாவை அரைத்துக்கொண்டு. மில் இருந்தால்தானே மாவு. யோசித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் முதல் இலையில் சோறு விழுந்தது. ஆவி பறந்தது. பசித்த பெண்கள். அவளுக்கும்தான் பசித்தது, அழுகை வருகிற அளவுக்குப் பசித்தது.

“அண்ணாச்சி கம்பெனிக்காரன்ட்ட போறாவளோன்னு நெனச்சு, வேவு பாக்க வந்தேன்” என்றாள். “அவிய வீட்டுச் சோத்தத்தான் தின்னுக்கிட்டு இருந்தாவ. நான்தான் தப்பா நெனச்சிட்டேன். தப்பு எம்மேல. போதுமா? எந்திரிங்கட்டி.”

யாரும் எழவில்லை. எழுவார்கள் என்று நினைத்துத்தான் தன் மானத்தை அங்கே போட்டு உடைத்தாள். வடிவு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது, பசி போய் வேறு என்னவோ வந்தது.

“அண்ணாச்சியவே அப்படி நெனச்சியன்னா, எங்களை என்ன நெனச்சிய?”

“உன்ன நான் ஒண்ணும்...”

“காலையில எந்தலைய அப்படிப் பாத்தியளே. பூவத்தான பாத்திய?” வடிவின் குரல் உயரவில்லை. “நான் சாப்புடாம வந்தது ஏன் தெரியுமா யக்கா? இன்னைக்கு எம் மாமியா தெவசம். பூவை வித்துட்டு வெரதச் சாப்பாடு ஆக்கணும், அதையும் விட்டுட்டு உங்க மில்லுக்காவத்தான் வந்தேன்.” சொல்லிவிட்டு இலையை முன்னால் இழுத்துக்கொண்டாள். விரதம் இருந்தவள், பரிமாறுகிறவனைப் பார்த்து, சோறு போடுங்க என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் இலையை இழுத்துக்கொண்டாள். அதற்கடுத்தவளும்.

கூடத்து ஒலிபெருக்கியில் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் கேட்கும். இப்போது, வாசித்து முடித்துவிட்டுப் பேசுகிறவர்களைக் கூப்பிடுகிற அதிகாரியின் குரல் கேட்டது. பேட்டைத் தெரு, ஆவுடையப்பன். அண்ணாச்சி படியை நோக்கி நடந்தார். அவளைத் தாண்டிப் போகும்போது அவர் திட்டியிருக்கலாம், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். “வா, நேரமாச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாக ஏறினார். அவர் பேசியது ஒலிபெருக்கி வழியாகவே அவளுக்குக் கேட்டது, மூச்சு வாங்கிக்கொண்டு, அன்றைக்குக் கோயில் முன்னால் பேசிய அளவு நன்றாக இல்லாமல். பிறகு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தலை இலையிலிருந்து நிமிர்ந்து, உலகம்மாளைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டது. வடிவாம்பாள். வடிவாம்பாள் இருக்காங்களா. வடிவு சோற்றில் சாம்பாருக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக உலகம்மாள் என்றது குரல். அவள் ஓடினாள். படி முழுக்க வடை வாசம்.

மாடியில் மின்விசிறிகள் காலி நாற்காலிகளுக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. கடைசி வரிசையில் அண்ணாச்சி மட்டும் துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டைக்காரன் ஓடி வந்து, ரொம்ப மரியாதையாக, மைக்கை அவள் கையில் கொடுத்தான். ஐயா வணக்கம். அதற்கு மேல் மனப்பாடம் பண்ணியது எதுவும் வரவில்லை. எனக்கா, எங்களுக்கா. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூடத்தை ஒரு முறை பார்த்தார்.

“பேட்டைத் தெருவுல எதிர்ப்புச் சொல்ல நீங்க ரெண்டு பேர்தானாம்மா? மத்தவங்க யாரும் வரலையா?”

“வந்திருந்தாவ ஐயா” என்றாள் உலகம்மாள். மைக்கில் அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. கீழேயும் கேட்டிருக்கும். “எல்லாரும் வந்திருந்தாவ. நான்தான் எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டேன்.”

அதிகாரிக்கு விளங்கவில்லை. “அதெல்லாம் வேண்டாம்மா. உங்களுக்கு ஆட்சேபம் உண்டா, அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.